முதல் வாரம் எதையும் தொடக்கூடாது

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையை மேல்கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டபோது, பிளஸ் டூ முடித்துக் கவுன்சலிங்குக்குக் காத்திருந்தேன். அந்த யானையின் காயத்துக்கு டாக்டர்கள் மருந்து போட்டதை டி.வி.யில் பார்த்த அன்றைக்கே, ஆவதென்றால் உயிரியல் பூங்கா டாக்டர்தான் ஆவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் நம் மாவட்டத்தில் பூங்காவே கிடையாது. சின்ன வயதில் உதயகிரிக் கோட்டையில் மான் பார்த்ததோடு சரி. இப்போது ஒரு நிறுவனம் இரண்டு வார 'வனவிலங்கு இன்டர்ன்ஷிப்'புக்கு 35,000 ரூபாய் கேட்கிறது. நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. சொந்தக்காரர்கள், 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சிங்கமும் புலியும், மாட்டாஸ்பத்திரி வேலை போதாதா' என்கிறார்கள். நான் யாரிடம், எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்:

மக்களே,

'நீங்கள்' என்று எழுத ஆரம்பித்து இரண்டு வரியிலேயே அடித்துவிட்டேன். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஏழு வருடம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவன் நான். அதற்கப்புறம் பதினாறு வருடம் உயிரியல் பூங்கா. உன் வயதுப் பிள்ளைகளை நம் ஊரில் கூப்பிடுகிற மாதிரியே 'மக்களே' என்று கூப்பிடுகிறேன்.

முதலில் பணம். கொடுக்க வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்வி எழுதிப்போடு. எந்த அங்கீகாரம் பெற்ற பூங்காவில் பயிற்சி? அங்கே தினமும் வேலை பார்க்கிற மருத்துவர் யார்? இரண்டு வாரத்தில் ஒரு போஸ்ட்மார்ட்டமாவது பார்க்க விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்க விடுகிற இடத்தில் உனக்குப் படம் கிடைக்கும், படிப்பு கிடைக்காது. உன் கல்லூரியிலேயே கடைசி ஒரு வருடப் பயிற்சிக் காலத்தில் உயிரியல் பூங்காவுக்கும் சில நாள் அனுப்புவார்கள். அதைச் செலவில்லாமல் நன்றாகப் பயன்படுத்து.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. பொம்பளப் பிள்ளை என்பது தப்பு. மயங்கிக் கிடக்கிற புலியைத் தூக்க எட்டுப் பத்துப் பேர் ஸ்ட்ரெச்சரோடு நிற்பார்கள். டாக்டரின் கைப்பலத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. மாட்டாஸ்பத்திரி என்று சொன்னார்களே, அது சரி. பூங்காவுக்குப் போகிற வழி மாட்டுத்தொழுவத்துக்குள்ளேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பூங்கா மருத்துவர் என்று தனியாக யாரும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர்கள்தான் அயற்பணியில் வனத்துறைக்கு வருகிறார்கள். ஆகவே டி.என்.பி.எஸ்.சி. தேர்வை அலட்சியம் செய்யாதே. 'எனக்கு வனவிலங்கு மட்டும்தான்' என்று அடம்பிடித்து நாலு வருடம் சும்மா இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பூங்காக்களும் குறைவு, ஒவ்வொன்றிலும் பணியிடம் விரல்விட்டு எண்ணக்கூடியது. இதை உன் அப்பாவிடமும் இப்போதே சொல்லிவிடு.

வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. புள்ளிமான், மிளா என்கிற கடமான், காட்டுமாடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாமே அசைபோடுகிறவை. பசுவின் வயிறு உப்பினால் என்ன ஆகும் என்று கையால் தொட்டுத் தெரியாதவர், மயக்கத்தில் கிடக்கிற மிளாவின் வயிறு உப்புவதைக் கண்ணால் கண்டுபிடிக்க மாட்டார். சைலசின் என்ற ஒரே மயக்க மருந்தை எடுத்துக்கொள். குதிரைக்குப் போடுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு போதும் மாட்டுக்கு. மானும் மாடு மாதிரிதானே என்று மாட்டுக் கணக்கில் போட்டால் மான் மயங்காது, முறைத்துப் பார்க்கும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக்கணக்கு. அந்தக் கணக்கின் வாய்ப்பாடு மாடு, ஆடு, நாய், பூனைதான். 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது, நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. செத்த மாட்டைத் தின்கிற பாறு கழுகுகள் அழிந்ததற்குக் காரணம் மாட்டு வலிக்கு நாம் எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனாக். அது தெரிந்து கால்நடைகளுக்கு 2006-ல் தடை செய்தார்கள். தொழுவத்தில் எழுதுகிற சீட்டு காட்டுக்குள்ளேயும் போகிறது.

சரி, எடை போடுவதிலிருந்து தொடங்கு. மயக்க ஊசியில் முதல் கேள்வி, 'இது எத்தனை கிலோ?' புலியைத் தராசில் ஏற்றிவிட்டா ஊசி போட முடியும்? கண்ணால்தான் நிறுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க உன் கல்லூரிப் பேராசிரியரைவிட நல்ல ஆள் ஆட்டு வியாபாரிதான். சந்தை நாளில் ஒரு பெரியவர் பக்கத்தில் போய் நில். ஆட்டின் இடுப்பு எலும்புக்கு மேலே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு 'பதினாலு கிலோ' என்பார். தராசு பதிமூணே முக்கால் காட்டும். நீ உன் கணக்கை நோட்டில் எழுது, தராசு சொன்னதையும் பக்கத்தில் எழுது. ஐம்பது ஆடு ஆனதும் தொடாமல் பார்த்தே சொல்லிப்பார். என்னிடம் வந்த பயிற்சி மாணவர்கள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பந்தயம் கட்டுவார்கள்.

ஊதுகுழலும் வீட்டிலேயே பழகலாம். பூங்காவில் பக்கத்தில் நிற்கிற விலங்குக்கு ஊதித்தான் ஊசி போடுகிறோம், துப்பாக்கி தூரத்துக்கு. அந்த ஊசியை ஒரு தடவை கையில் வாங்கிப் பார். நுனி அடைத்திருக்கும், மருந்து வருகிற ஓட்டை பக்கவாட்டில். அந்த ஓட்டையை ஒரு சின்ன சிலிக்கான் வளையம் மூடியிருக்கும். பின்னால் காற்றை அழுத்தி ஏற்றியிருப்பார்கள். தோலில் குத்தியதும் வளையம் பின்னால் நகரும், ஓட்டை திறக்கும், காற்று மருந்தைத் தள்ளும். அவ்வளவுதான் சூத்திரம். குழாய்க் கடையில் ஒரு பி.வி.சி. பைப் வாங்கி, குலை வெட்டிய வாழைத்தடியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, மருந்தில்லாத ஊசியை ஊது. தொடை எங்கே இருக்கும் என்று கரியால் வட்டம் போட்டுக்கொள். தம்பி தங்கைகளைப் பின்னால் நிறுத்து. வாழைத்தடி அசையாமல் நிற்கும்வரை சுலபம். அப்புறம் ஒருவரைக் கயிற்றால் ஆட்டச் சொல்.

இனி நான் முழுசாகச் சொல்ல விரும்பாத ஒரு கதை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டும்.

வேறொரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், பூங்காவில் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு ஆண் புள்ளிமானுக்குப் பின்னங்காலில் காயம், புழு வைத்திருந்தது. காலை பத்தரை மணிக்கு ஊசியைத் தயார் செய்தேன். அங்கே ஒரு வயசான கீப்பர். பள்ளிக்கூடம் போனவரில்லை, முப்பது வருடமாக அந்த மான்களோடு இருந்தவர். 'சார், வெயில் ஏறிப்போச்சு. நாளை விடியக்காலம் பார்ப்போம்' என்றார். மறுநாள் எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது. இன்றைக்கே முடிப்போம் என்றேன். முதல் ஊசி தவறியது. கூட்டம் முழுக்க வேலியைச் சுற்றி ஓடியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூச்சு வாங்க வாங்க. இரண்டாவது ஊசி பட்டது. புழுவை எடுத்து, மருந்து வைத்து, மயக்கம் தெளிய ஊசி போட்டதும் எழுந்து நடந்தது. நாங்கள் படம்கூட எடுத்துக்கொண்டோம். மறுநாள் பின்னங்கால் இரண்டும் கட்டைபோல் விறைத்திருந்தன. மூத்திரம் கட்டன்காப்பி நிறம். மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தேன். தொடைத் தசை வேகவைத்த கோழிக்கறி மாதிரி வெளுத்திருந்தது.

துரத்தினதில் தசையே சிதைந்துவிட்டது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. மான் வகைக்கு இது அடிக்கடி வரும், வந்துவிட்டால் வைத்தியம் அநேகமாகப் பலிக்காது. வராமல் பார்ப்பதுதான் வழி. விடியற்காலம், வெயிலுக்கு முன். துரத்தக்கூடாது. விழுந்ததும் கண்ணைத் துணியால் மூட வேண்டும், சுற்றி நிற்கிறவர்கள் வாயை மூட வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது, நான் படித்தும் இருந்தேன். அன்றைக்கு அதை எனக்குச் சொன்னவர் அந்தக் கீப்பர்தான். மீட்டிங்கில் என்ன பேசினோம் என்று இன்றைக்கு ஞாபகமில்லை.

அதற்கப்புறம் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் வைத்தேன். முதல் வாரம் எதையும் தொடக்கூடாது. ஊசி இல்லை, ஸ்டெதாஸ்கோப் இல்லை, தெர்மாமீட்டர்கூட இல்லை. கீப்பரோடு காலை ஆறரைக்கு உள்ளே போ, அவர் கூட்டுகிற இடத்தில் நில், அவர் சொல்வதைக் கேள். சாயங்காலம் ஒரே ஒரு விலங்கைப் பற்றி இருபது வரி எழுது. 'நலமாக உள்ளது' என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். எதைப் பார்த்து நலம் என்கிறாய், அதை எழுது.

ஒரு பையன் கரடியைப் பற்றி எழுதினான். நாலாம் நாள் பத்தொன்பதாவது வரி: 'இன்றும் வாழைப்பழத்தை வலது பக்கமாகவே மெல்லுகிறது.' அவனுக்கு அது வரியை நிரப்ப எழுதியது. நான் முந்தின நாள் தாளைப் புரட்டினேன், அதிலும் வலது பக்கம். கீப்பரைக் கேட்டால், 'ஆமா சார், ஒரு வாரமா கரும்பைத் தொட மாட்டேங்குது, வயித்துக் கோளாறுன்னு நினைச்சேன்' என்றார். மயக்கி வாயைத் திறந்தால், இடது கோரைப்பல் உடைந்து வேர்வரை சீழ். எக்ஸ்ரேக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தது அந்தப் பத்தொன்பதாவது வரி.

காட்டு விலங்கு நோயை மறைக்கும். நொண்டுகிற மானைத்தான் புலி முதலில் பார்க்கும் என்பது மானுக்குத் தெரியும். கூண்டுக்குள் பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பயம் போகாது. டாக்டரைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கும், நீ போனதும் படுத்துக்கொள்ளும். சோறு வைக்கிறவரிடம் அது அப்படி நடிப்பதில்லை. ஆகவே கீப்பரின் நட்பு உனக்கு ஆய்வுக்கூடத்துக்குச் சமம். அவர்களிடம் 'ஏய்' என்று பேசுகிற சில டாக்டர்களைப் பார்ப்பாய். அவர்களுக்கு எந்தத் தகவலும் நேரத்துக்கு வந்து சேராது.

இரண்டாம் வாரம் ஒரு வேலை கொடுப்பேன்: மூச்சு எண்ணுவது. ஒரு பெண்புலியை மயக்கி நகம் பார்த்த அன்று நடந்தது. கெட்டமின் போட்டால் கண் மூடாது, அதனால் கண்ணில் களிம்பு தடவி, மேலே துணி. நாக்கு வெளியே இழுத்து விடப்பட்டிருக்கிறது. ஒருவர் குதத்தில் வெப்பம் பார்க்கிறார், ஒருவர் வாளித் தண்ணீரோடு நிற்கிறார். நானும் இன்னொருவரும் பாதத்துக்குள் வளைந்து ஏறிய நகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறோம். மாணவிக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. விலாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று உரக்கச் சொல்ல வேண்டும். 'பன்னிரண்டு.' 'பன்னிரண்டு.' 'பத்து.' எல்லோரும் நகத்தைப் பார்க்கிறார்கள், அவளுக்கும் பார்க்க ஆசை இருக்காதா? பார்க்கவில்லை. 'ஏழு' என்றாள். அப்புறம் யாரையும் கேட்காமல், 'சார், கழுத்து மடங்கியிருக்கு' என்றாள். ஸ்ட்ரெச்சரை நகர்த்தினபோது தாடை நெஞ்சோடு மடிந்திருக்கிறது. நேராக்கினோம். 'ஒன்பது. பதினொன்று.' அந்தப் பெண் இப்போது ஒரு பூங்காவில் மருத்துவர். நேர்முகத்தில் என்ன கேட்டார்களோ தெரியாது, நானாக இருந்தால் இந்த ஒன்றைத்தான் கேட்டிருப்பேன்.

போஸ்ட்மார்ட்டத்தில் ஒரு விஷயத்தை இப்போதே மனசில் எழுதிக்கொள். நேற்றுவரை நன்றாக இருந்த தாவரம் தின்னி இன்று திடீரென்று செத்துக்கிடந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால், கத்தியை எடுக்காதே. காது நரம்பில் ஒரு துளி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இல்லை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு விதைபோல் ஆகிவிடும், அந்த மண்ணில் பல பத்து வருடம் கிடக்கும். அப்புறம் உன் உடம்பு. ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள். காசநோயும் எலிக்காய்ச்சலும் விலங்கிலிருந்து நமக்கும், சிலது நம்மிடமிருந்து அதற்கும் போகும். 2021-ல் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததே. ஜலதோஷத்தோடு கூண்டுப் பக்கம் போகிற டாக்டர்தான் அன்றைய முதல் நோய்.

நம் மாவட்டத்தில் பூங்கா இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். காடு இருக்கிறதே. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். உன் வீட்டு வாசலே அதன் எல்லைதான். கரண்டுக் கம்பியில் அடிபட்ட மயில், ரப்பர் தோட்டத்தில் மண்வெட்டி பட்ட மலைப்பாம்பு, வலையில் சிக்கிக் கரையேறும் கடலாமை எல்லாவற்றையும் வனத்துறைக்காரர்கள் எங்கே கொண்டு வருவார்கள்? பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குத்தான். லீவுக்கு ஊருக்கு வரும்போது அங்குள்ள டாக்டரிடம் போய், 'இப்படி ஏதாவது வந்தால் கூப்பிடுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது' என்று சொல்லி வை. நீயாக எதையும் வீட்டுக்குத் தூக்கிப் போகாதே. சட்டப்படி அது குற்றம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும். அந்த டாக்டர் செய்கிற கருவூட்டலுக்கும் கோமாரி ஊசிக்கும் கூடவே போ. மயில் மாதத்துக்கு ஒன்று வரலாம், பசு தினமும் வரும்.

மேற்படிப்பு பற்றி இப்போது கவலை வேண்டாம். வேப்பேரி கல்லூரியில் வனவிலங்கு அறிவியலில் எம்.வி.எஸ்சி. உண்டு. வடக்கே, உத்தரப் பிரதேசத்து இசத்நகரில் இருக்கிற இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் படிக்கலாம். இடம் குறைவு. கிடைக்காவிட்டால் நோய்க்கூறியல் எடு என்பது என் சொந்த அபிப்பிராயம், மற்றவர்கள் அறுவை சிகிச்சை என்பார்கள். செத்த விலங்கு ஏன் செத்தது என்று சொல்லத் தெரிந்தவரைப் பூங்கா எளிதில் விடாது.

வழிகாட்ட ஆள் தேடும்போது 'சார், ப்ளீஸ் கைடு மீ' என்று மெசேஜ் அனுப்பாதே. எனக்கு மாதத்துக்குப் பத்து வரும், பதில் போடத் தெரியாது. 'என்ன கற்க வேண்டும்' என்பதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? 'சாணத்தில் இந்த முட்டையைப் பார்த்தேன், இது உருளைப்புழுவா வேறா' என்று ஒரு படத்தோடு கேட்டுப்பார். மூன்று நாளில் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு நாளில் வரும். மூன்றாவதற்கு அவரே போன் செய்வார்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். நம் தாத்தாக்கள் காலத்தில் மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அவர்களுக்கு மிருகக்காட்சி சாலை என்றால் திருவனந்தபுரம்தான். உனக்கும் அதுதான் பக்கம். 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பூங்கா. குழித்துறையில் காலை ரயில் ஏறினால் போதும். உனக்கு மலையாளம் வரும் என்று நினைக்கிறேன், அது பெரிய சொத்து, கீப்பர்களோடு பேசலாம். எல்லாக் கூண்டையும் சுற்றாதே. சிங்கவால் குரங்குகளின் முன்னால் மட்டும் இரண்டு மணி நேரம் நில். அது நம் மலைப்பக்கத்து ஆள். எது முதலில் சாப்பிடுகிறது, எது விட்டுக்கொடுக்கிறது, எது எந்தக் கையால் எடுக்கிறது, எதன் சாணம் இளகியிருக்கிறது. இருபது வரி. தபாலில் அனுப்பு, கிழிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மட்டும் போகாதே, பூட்டியிருக்கும்.